ஜாடியை யார் கிளறுவது

என் கணவர் குளிரை நம்பிப் பிழைப்பவர். மீன் கிடங்கு, இறைச்சிக் கிடங்கு, ஐஸ்கிரீம் கிடங்கு என்று கிள்ளானில் எங்கே குளிர் அறை பழுதானாலும் அவருக்குத்தான் ஃபோன் வரும். பல வருடமாகக் குளிரில் நின்று நின்று, வெளியே வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை போடுகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோளில் ஒரு மூட்டை உப்போடு நாலு மாடி ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்று, "இனிமே ஃப்ரிட்ஜை நம்பக் கூடாதுமா" என்றார்.

சோபாவில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னடா, கடலையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"கரண்ட் இல்லாம சாப்பாட்டைக் கெடாம வைக்கக் கத்துக்கணும்மா. ஒருநாள் எல்லாம் நின்னுடும். கப்பல் வராது, லோரி ஓடாது. பாசார்ல என்ன இருக்கும் சொல்லுங்க?"

"நாடகம் வருமா?"

"கரண்ட்டே இருக்காதுங்குறேன்."

"அப்ப அந்த உலகம் எனக்கு வேணாம் லா" என்று சொல்லிவிட்டு மாமியார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரித்தேன். ஆனால் மூட்டையை என் கணவரோடு சேர்ந்து பிடித்து அடுப்படிக்குத் தள்ளும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் தாண்டியும் குழந்தை இல்லை. எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில், விரதம், நாட்டு மருந்து எல்லாம் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் ஊசி போட்டுச் செய்கிற சிகிச்சைக்குப் போனோம். அந்த ஊசி மருந்துகளைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்கு மேலே, சாமி படம் வைத்த மாதிரி பயபக்தியோடு அந்தப் பெட்டியை வைத்திருந்தார் என் கணவர். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வேறு. மாமியார் ஐஸ் தண்ணிக்காக அடிக்கடி கதவைத் திறந்தால் இவர் முகம் சுருங்கும்.

ஊசி தொடங்க வேண்டிய வாரத்தில் வெள்ளம் வந்தது. கிள்ளானுக்கு வெள்ளம் புதிதில்லை. ஆனால் அந்த முறை கீழ்வீட்டுக்காரர்களின் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. கரண்ட் போய்விட்டது. ஊரே ஐஸ் தேடியது. டன் கணக்கில் ஐஸ் இருக்கிற கிடங்குகளின் சாவி இவர் கையில் இருந்தும், அந்தக் கிடங்குகளுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். முதல் நாள் ஒரு பை ஐஸ் கிடைத்தது, மறுநாள் அதுவும் இல்லை. அவர் தன் வேனை முன்கூட்டியே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வண்டியை மேம்பாலத்தில்தான் ஏற்றுவார்கள். ஊசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போனார். வேனை ஸ்டார்ட் செய்து, ஏர்கான் காற்று வரும் வாய்க்கு நேராகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் மேல் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் நிலையமும் தண்ணீருக்குள்ளேதான் இருந்தது.

கரண்ட் வர இன்னும் சில நாளானது. கிளினிக்கில் ஃபோனை எடுத்த தாதி, அத்தனை நாள் சூட்டில் இருந்த மருந்தைப் போட வேண்டாம் என்று மென்மையாகச் சொன்னார். கொஞ்ச மாதம் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள், தானாகவும் கரு தங்கலாம், பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். என் கணவர் என்னிடம் "சாரிமா" என்றார். வெள்ளம் வந்ததற்கு ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது? "போய்க் குளிங்க, சேறு நாறுது" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர் ஃபோனில் உலகம் கவிழத் தொடங்கியது. எங்கெங்கோ உள்ள ஆட்கள், நிலத்தடியில் டின் அடுக்கி வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத காலத்தைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுவார்கள். இவர் சாப்பிடும்போதும் அதையே பார்த்தார். உப்பு மூட்டை வந்தது. அடுத்து, சீனன் மளிகைக் கடையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடியும் அதற்கு இரண்டு தங்கச்சி ஜாடிகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்து 'பயிற்சி' வைத்தார். அன்றைக்கெல்லாம் மாமியார் எவர்சில்வர் டம்ளரோடு பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் ஐஸ் கேட்டுப் போவார். உலகம் கவிழ்ந்தாலும் அந்த அக்கா வீட்டில் ஐஸ் இருக்கும் என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் கருவாடு போட்டோம். காரிடாரில் கயிறு கட்டி, உப்பில் ஊறிய கெளுத்தி மீன்களைத் தொங்கவிட்டார். எங்கள் பிளாக்கின் பூனைகள் போதாதென்று அடுத்த பிளாக்கின் பூனைகளும் வந்து சேர்ந்தன. மேல்மாடிக்காரர் புகார் செய்யக் கீழே வந்தவர், பூனைகளைத் தாண்ட முடியாமல் படியிலேயே நின்று சத்தம் போட்டார். கருவாடு அதோடு முடிந்தது. அடுத்தது எலுமிச்சை ஊறுகாய்.

எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஊறுகாய் போடத் தெரியாது. மாமியார் முப்பது வருடம் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவருக்கு ஊறுகாய் என்றால் பாட்டிலில் வருவது. நான் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடையில் நிற்கிறவள். எனக்குப் பட்டு தெரியும், பச்சடி தெரியாது. ஆகவே என் கணவர் தமிழ்நாட்டு அம்மா ஒருவரின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எலுமிச்சையை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு ஜாடியில் நிரப்பினார். தினமும் காலையில் அடிவரை கிளறி வெயிலில் வைக்க வேண்டும். அவருக்கு ஏழரைக்கே கிளம்புகிற அவசரம். மாமியாருக்கு வலது தோள் வலி, கை தூக்க முடியாது. எங்கள் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால், கொமுட்டர் ரயில் பிடிக்கிறதற்கு முன் நான் கிளறிவிட்டுப் போவது என்று முடிவானது. மழை வருவதற்குள் மூடி உள்ளே இழுப்பது மாமியாரின் பொறுப்பு.

மூடியைப் போடும்போது மாமியார் சொன்னார்: "தூரமானவங்க மட்டும் தொடக் கூடாது. தொட்டா பூஞ்சை புடிச்சிக்கும்."

அவருக்கு ஊறுகாய் எப்படிப் போடுவதென்று தெரியாது, யார் தொடக் கூடாதென்று மட்டும் தெரியும். அந்த வீட்டில் மாதாமாதம் தூரமாகிறவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் ஏதோ ஊருக்கே பொதுச்சட்டம் போடுகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொன்னார். சண்டை போட்டிருக்கலாம். எனக்கு அப்போது தெம்பில்லை. மாதத்தில் சில நாள் ஒரு வேலை குறைகிறதே என்று "சரிங்கத்தை" என்றேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

அடுத்த மாதமே தெரிந்தது. அதுவரை எனக்கு நாளானால், அது எனக்கும் குளியலறைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அழ வேண்டுமானால் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். என் கணவரிடம் எப்போது சொல்வது என்று நானே நேரம் பார்த்துச் சொல்வேன். சில மாதம் அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், சில மாதம் மறுநாள் வரைக்கும் தள்ளிப் போடுவேன். இப்போது அப்படியில்லை. காலையில் அவர் தேநீர்க் கோப்பையோடு காரிடாருக்கு வந்தபோது, மாமியார் இடது கையால் தட்டுத் தடுமாறி ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தார். என் கணவர் அதைப் பார்த்தார். மிச்சத் தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பக்கத்து வீட்டு அக்கா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஹாரி இனி மாக் பூலா?" என்றார். இன்றைக்கு அம்மாவா கிளறுகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மாமியார் தனக்குத் தெரிந்த மலாயில், கையையும் சேர்த்து உபயோகித்து, முழு விவரத்தையும் சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். அந்த நாட்களில் தொழுகைக்கு நிற்பதில்லை என்பதால், மாமனார் முதல் கொழுந்தன் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம். புதுப்பெண்ணாக வந்தபோது வெட்கத்தில் உயிர் போனதாம். அவருக்கு நாலு பிள்ளைகள். அவர் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். நானும் கூடச் சிரித்தேன், பிறகு கொமுட்டரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

அந்த முதல் ஜாடி கெட்டுப்போனது. கெடாமல் என்ன செய்யும்? வீடியோ அம்மா, 'நல்ல வெயிலில் ஒரு வாரம்' என்றார். அவர் ஊர் வெயில் காலையிலிருந்து மாலை வரை வேலை பார்க்கிற வெயில். கிள்ளான் வெயில் மத்தியானம் மூன்று மணிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு மழை. மழையில்லாத நேரத்திலும் காற்றில் தண்ணீர். பல வாரம் இப்படி இழுத்தடித்து, ஒரு காலையில் மூடியைத் திறந்தால், எலுமிச்சையின் மேல் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி பூத்துக் கிடந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ தொட்டியா?"

"தினமும் நான்தானே தொடுறேன் அத்தை."

"அது இல்ல. அந்த நாள்ல."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. "எந்த நாள்ல? எனக்கு இந்த மாசம் வரவே இல்ல! நாள் தள்ளிப் போயி ஒரு வாரம் ஆவுது!"

என் மேல் குற்றமில்லை என்று காட்டுவதற்காகக் கத்தியது. கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பூஞ்சை பிடித்த ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டு மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்ற என் கணவர், ஒரு மூட்டை எலுமிச்சை வீணாகிவிட்டதே என்று புலம்ப வேண்டிய மனுஷன், விசில் அடித்துக்கொண்டே ஜாடியைக் கழுவப் போனார். அடுத்த சில நாட்கள் என்னை ஒரு தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை இரண்டு பேரும். புது எலுமிச்சை வந்தது. ஜாடியை என் கணவரே வெளியே வைத்துவிட்டுப் போனார். நான் கிளறுவதை மாமியார் கதவோரம் நின்று பார்த்தார். கல்யாண வீட்டில் மணமேடையைப் பார்க்கிறவர்கள் முகத்தில் இருக்குமே, அப்படியொரு பார்வை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்துவிட்டது. சேலையை மடித்து வைத்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் காலை ஜாடியை மாமியார் கிளறினார். என் கணவர் காரிடாருக்கு வரவே இல்லை. அடுப்படியில் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

பூஞ்சைக்குக் காரணம் சொன்னது பக்கத்து வீட்டு அக்காதான். உப்பு பத்தாது, ஈரக் காற்று உள்ளே போயிருக்கிறது, வெளியே வைக்காதே, வண்டிக்குள் வை என்றார். அவர் மீன் அப்பளத்தை மகனின் காரில்தான் காய வைப்பாராம். வெயிலில் நிற்கிற வண்டி அடுப்பு மாதிரி, மழை வந்தாலும் கவலையில்லை. என் கணவருக்கு அது பொறி தட்டியது போலாயிற்று. வேனின் பின்பக்கம் கருவிகளுக்கு மேல் தட்டு தட்டாகப் பலகை அடித்தார். நறுக்கிய எலுமிச்சையை உப்பு நீரிலிருந்து எடுத்து வேனில் காய வைத்து, சாயங்காலம் மறுபடி ஜாடியில் போடுவது. காய்ந்து முடிந்து ஊறுகிற ஜாடியைக் காலையில் காரிடாரில் கிளறுவது மட்டும் பழையபடி தொடர்ந்தது. மோர் மிளகாய், மாங்காய் வற்றல் எல்லாமே வேனில் ஏறின. குளிர் அறை சரி செய்ய வருகிற வேனிலிருந்து மோர் மிளகாய் வாசம் வருகிறது என்று கிடங்குக்காரர்கள் கிண்டல் செய்தார்களாம். "உங்க வண்டிய பார்த்தாலே நாக்கு தயிர்ச்சோறு கேக்குது அண்ணே" என்றானாம் ஒருவன்.

ஒரு சாயங்காலம் தட்டுகளை எடுக்க நானும் கீழே போனேன். அனல் ஆறட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தோம். அவர் ஏர்கான் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான் புடிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். "கை மரத்துப் போச்சு. தூங்கிடக் கூடாதுன்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன். பெட்ரோல் முள்ளு கீழ போயிட்டே இருக்கு, நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வேலை. குளுந்தது குளுந்தபடி இருக்கணும். அதக்கூட உனக்குச் செய்ய முடியல."

உலகம் கவிழும் என்ற பயத்தில் இவர் உப்பு வாங்கவில்லை என்று எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியும் அன்று தெரிந்தது. அவருடைய உலகம் அந்தப் பாலத்தின் மேலேயே கவிழ்ந்துவிட்டிருந்தது. எனக்கு அவர் மேல் அத்தனை பாசம் வந்தது. "மிளகாய் நல்லா காஞ்சிருக்குங்க" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, இன்னும் ஒரு நாள் போதும்" என்றார். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம்.

மாதங்கள் ஜாடி ஜாடியாகப் போயின. எலுமிச்சை தேறியது. நாரத்தங்காய் தேறியது. ஆட்டிறைச்சியில் உப்புக்கண்டம் போட்டு, அதுவும் ஒருவாறு தேறியது. உலகம் கவிழ்கிற அன்றைக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கும், சோறுதான் இருக்காது என்று கேலி செய்தேன். மாதாமாதம் சில காலைகள் மாமியார் இடது கையால் கிளறுவார். அந்தக் காலைகளில் அக்காவும் ஒன்றும் கேட்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கும் இப்போது ஜாடி பாஷை தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு மாதம் அந்தக் காலை வரவில்லை. நான் கிளறினேன். மறுநாளும் கிளறினேன். ஒரு வாரம் கழித்தும் நானேதான் கிளறிக்கொண்டிருந்தேன். முன்பு பட்ட சூட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மாமியார் காய்ந்துபோன துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார். என் கணவர் டீயை மடக்கு மடக்காகக் குடிப்பார், ஜாடியைப் பார்க்க மாட்டார், என் கையை மட்டும் பார்ப்பார். அக்கா ஒருநாள் சுடச்சுடக் கறிப்பாப் பலகாரம் கொண்டுவந்து வைத்து, "மாக்கான், மாக்கான்" என்று என்னைச் சாப்பிடச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு. குச்சியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் இரண்டு பேர் முன்னாலும் நீட்டினேன். மாமியார் என் தலையைப் பிடித்துக்கொண்டு முத்தமிட்டார். என் கணவர் நேராகப் போய், பயிற்சிக்காக அணைத்து வைத்திருந்த ஃப்ரிட்ஜ் சுவிட்சைப் போட்டார்.

"ஏண்டா, இன்னைக்கு உலகம் கவிழலையா?" என்றார் மாமியார்.

"பால் வைக்கணும்லம்மா" என்றார். ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதை இப்போதும் தயங்காமல் சொல்வேன்.

டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். நான் வேலைக்கு லீவு போட்டேன். குனியாதே, நிமிராதே என்று ஆயிரம் கட்டளை போட்ட மாமியார், ஜாடி கிளறுவதை மட்டும் தடுக்கவில்லை. அதை நான்தான் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. காலையில் அவரே தலைவாசலைத் திறந்து வைப்பார், நாலு வீட்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்று.

மூன்றாவது மாதம் தொடங்குகிறதற்குள் அது கலைந்துவிட்டது. ஒரு பிற்பகல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், மறுநாள் இரண்டு பேராகத் திரும்பி வந்தோம். யாருடைய தப்பும் இல்லை, பலருக்கும் நடப்பதுதான் என்று அங்கே சொன்னார்கள். மேம்பாலத்தைக் கடக்கும்போது என் கணவர் வேனை மெதுவாக ஓட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மோர் மிளகாய் வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை விழித்தும் எழவில்லை. ஜாடி வேளை வந்துவிட்டது என்று தெரியும். காரிடாரில் இனி மாமியார் நிற்பார், இடது கையால் கிளறுவார், வழியில் போகிறவர்கள் பார்ப்பார்கள், விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் காதில் விழக் கூடாது என்று தலையணையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த ஜாடியை எடுத்து நாலாவது மாடியிலிருந்து கீழே போட வேண்டும் போலிருந்தது.

அறைக் கதவு திறந்தது. மாமியார், தோள்வலியோடு, தங்கச்சி ஜாடிகளில் ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்து, மரக்கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"எழுந்திரு மா. கிளறு."

"அத்தை, எனக்கு இன்னும்..."

"தெரியும். கிளறு."

"கெட்டுப் போயிடும் அத்தை."

"போனா வேற போட்டுக்கலாம். எலுமிச்சதான." கரண்டியை நீட்டியபடியே இருந்தார். வலது கை, வலிக்கிற கை. "இவனுக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு. இவனுக்கே தெரியாது. ரெண்டு தடவையும் மூலையில பாயப் போட்டு உக்கார வெச்சாங்க. தண்ணிய தொடாத, வெளக்க தொடாத, அடுத்தவங்க புள்ளய தூக்காத. நாள் கணக்கா ஒண்ணையும் தொடாம உக்காந்திருந்தா என்னா தோணும் தெரியுமா? கெட்டுப் போனதே நாமதான்னு தோணிடும். எனக்கு இன்னும் போவல அது. நீ தொடு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். என் கணவர் எப்போது கதவருகே வந்து நின்றார் என்று தெரியவில்லை. அவரும் கேட்டிருக்கிறார், அவர் முகத்திலேயே தெரிந்தது. கரண்டியை வாங்கிக்கொண்டேன். உப்பில் ஊறிய எலுமிச்சை கனமாக இருந்தது. அடிவரைக்கும் விட்டுத் திருப்பினேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. சத்தம் போட்டே அழுதேன். மாமியார் ஜாடியை மடியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஊறுகாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஆகாது என்பதால், நான் கிளறி முடிக்கும் வரை, தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.